ஒரு கட்டுக்குள் அடங்காத சொல்

பூச்சரம், வீடு, தாலி, பள்ளிக் கட்டணம், அணை: தமிழரும் கன்னடரும் இத்தனைக்கும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒரே வினைச்சொல். காவிரிச் சண்டையின் நடுவிலும் அது நிற்கிறது.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பூக்காரியிடம் எந்த மொழியில் பேசுவது என்று யாரும் அதிகம் யோசிப்பதில்லை. தமிழில் கேட்டால் 'நெருக்கமா கட்டியிருக்கேம்மா' என்று பதில் வரும். கன்னடத்தில் கேட்டால் 'சென்னாகி கட்டித்தீனி' என்பார். முழக்கணக்கில் கேட்பவரும் உண்டு, இரண்டு கையையும் விரித்து அளக்கும் 'மாரு' கணக்கில் கேட்பவரும் உண்டு. அளவு மாறினாலும் கட்டு மாறுவதில்லை. மார்கழிக் குளிரில் தமிழ்ப் பாட்டிக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டிக்குக் 'கண்டலு கட்டிதெ'. தெருமுனையில் பழைய பங்களா ஒன்று இடிந்து அடுக்குமாடி எழும்பினால், தமிழ்க் காதுக்கு அது 'கட்டடம்', கன்னடக் காதுக்கும் 'கட்டட'.

இப்படி ஒரு பேட்டை அமைந்ததற்குச் சரித்திரக் காரணம் இருக்கிறது. 1809-ல் பிரிட்டிஷ் படை பெங்களூரில் முகாமிட்டபோது, சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் சமையல்காரர்களும் வியாபாரிகளும் கொத்தனார்களும் பின்னாலேயே வந்தார்கள். 1881-ல் மைசூர் ராஜ்யம் உடையார்களிடம் திரும்பத் தரப்பட்டபோதும் கன்டோன்மென்ட் மட்டும் 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947-ல்தான் அது மைசூருடன் சேர்ந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், குக் டவுன், பென்சன் டவுன் என்று இன்றும் வெள்ளைக்காரப் பெயர்களைச் சுமக்கும் இப்பகுதிகளில் தமிழ் வீட்டு மொழியாகத் தங்கிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத, ஆனால் சரளமாகப் பேசும் தமிழ். பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறார்கள். தமிழைக் காதால் மட்டுமே அறிகிறார்கள். அவர்களுக்குக் 'கட்டு' எந்த மொழிச் சொல் என்று கேட்டால் குழப்பம்தான் வரும். அந்தக் குழப்பம் நியாயமானதும்கூட.

மொழியியலாளர்கள் இதை எப்போதோ கவனித்துவிட்டார்கள். ஜெர்மானியப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டல் 1894-ல் மங்களூரில் வெளியிட்ட கன்னட அகராதியில் 'கட்டு' விரிவாக இடம்பெற்றிருக்கிறது. (அவர் பெயரில் இன்றும் பெங்களூரில் ஒரு நகர் இருக்கிறது.) சென்னைப் பல்கலைக்கழகம் 1924-க்கும் 1936-க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் வினை, பெயர் என இதற்கு நீண்ட பட்டியல் தருகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் தாமஸ் பரோவும் பெர்க்லியின் எமனோவும் சேர்ந்து 1961-ல் கொண்டுவந்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவற்றை ஒரே குடும்பமாக நிறுத்தியது. தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு மட்டுமல்ல. நீலகிரியில் கோத்தரும் தோடரும் பேசும் மொழிகளிலும், மகாராஷ்டிர-தெலங்கானா எல்லைக் காடுகளில் வழங்கும் கோலாமியிலும் இந்த வேர் இருக்கிறது. கட்டினான், கட்டித, கட்டாடு என்று வால்தான் மாறுகிறது. கடன் வாங்கிய சொல் இத்தனை மொழிகளில், இத்தனை ஆழத்தில் வேரோடுவது அபூர்வம். இது யாரும் யாருக்கும் கொடுத்ததல்ல. பாகப் பிரிவினைக்கு முந்தைய வீட்டுச் சொத்து.

மலையாளத்தில் மட்டும் உயிரெழுத்து சற்றுச் சாய்ந்து 'கெட்டு' ஆகிவிட்டது. நாலுகெட்டு வீடு, சபரிமலைக்குப் போகிறவர் தலையில் இருமுடிக்கெட்டு, கட்டடத்துக்குக் கெட்டிடம். கல்யாணம் ஆகிவிட்டதா என்று மலையாளி 'கெட்டு கழிஞ்ஞோ' என்று விசாரித்தால், புதிதாகக் கேட்கும் தமிழருக்கு வயிற்றைக் கலக்கும்.

பிணைப்பது, முடிவது என்ற எளிய செயலிலிருந்து இந்தச் சொல் போன தூரம்தான் வியப்பு. வீடு கட்டுவது எப்படிக் கட்டுதல் ஆயிற்று? செங்கல்லையும் சுண்ணாம்பையும் யாரும் கயிறு போட்டுக் கட்டுவதில்லை. ஆனால் செங்கல்லுக்கு முன்னால் வீடு என்பது மூங்கிலும் கழியும் ஓலையும்தான். அவற்றை நிறுத்தியது கயிற்று முடிச்சு. குடிசை போய்க் காரை வீடு வந்தபோதும், தொழிலின் பெயர் பழைய முடிச்சை அவிழ்க்கவில்லை என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. பறவை கூடு கட்டுவதில் அந்தப் பழைய பொருள் அப்படியே தெரிகிறது. தூக்கணாங்குருவியின் வேலையைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. விந்தை என்னவென்றால், கான்கிரீட் காலத்தில் கட்டுதல் மறுபடியும் கட்டுதலாகவே ஆகிவிட்டது. தளம் போடுவதற்கு முன் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் பரப்பி, கட்டுக்கம்பியால் ஒவ்வொரு சந்தியிலும் முறுக்கி முடிவதற்குக் 'கம்பி கட்டுதல்' என்றே பெயர்.

பணத்துக்கு வந்தால், தமிழரும் கன்னடரும் பணத்தைக் கொடுப்பதில்லை, கட்டுகிறார்கள். ஃபீஸ் கட்டுகிறோம், வரி கட்டுகிறோம், சீட்டு கட்டுகிறோம், பந்தயம் கட்டுகிறோம். மளிகைக் கடைக்காரரிடம் காசு கொடுப்போம், கட்ட மாட்டோம். தவறாமல் செலுத்தியே தீர வேண்டிய, தவறினால் ஒரு விளைவு இருக்கிற பணத்துக்குத்தான் கட்டு. கட்டுப்பட்டவன் செலுத்துவதால் கட்டணம். இலங்கைத் தமிழில் தேர்தல் வேட்பாளர் செலுத்துவது கட்டுப்பணம்; தமிழ்நாட்டு வேட்பாளர் ஆங்கில டெபாசிட்டைக் கட்டி, பெரும்பாலும் இழக்கிறார். அந்தப் பணத்தைச் சேர்க்கும் வழியிலும் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன. தமிழ்த் தாய் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறாள். கன்னடத் தாய் 'ஹொட்டெ பட்டெ கட்டி', அதாவது வயிற்றையும் துணியையும் கட்டிச் சேர்க்கிறாள்.

அடக்கம், ஆணை, பலம் எல்லாவற்றிலும் இதே வேர் தென்படுகிறது. கட்டுப்பாடு கன்னடத்தில் கட்டுபாடு; கட்டளை அங்கே கட்டளெ; கட்டுக்கதை அங்கே கட்டுகதெ. கட்டுமஸ்தான ஆள் இரண்டு ஊரிலும் கட்டுமஸ்துதான். கடலோரத் துளு நாட்டில் 'கட்டு' சட்டமாகவே ஆயிற்று: சொத்து மருமக்களுக்குப் போகும் தாய்வழி முறை அளியகட்டு, மக்களுக்குப் போகும் தந்தைவழி முறை மக்களகட்டு. தமிழ்க் கிராமங்களிலும் திருவிழா வரி தலைக்கட்டுக் கணக்கில்தான் வசூலாகிறது. பொதுவாக மணமான ஆண் ஒருவர் என்றால் ஒரு தலைக்கட்டு.

சங்க காலத்தில் கட்டு என்பதற்குக் குறி சொல்லுதல் என்றும் ஒரு பொருள் இருந்தது. முறத்தில் நெல்லைப் பரப்பி, தலைவிக்கு வந்த நோய் என்ன என்று எண்ணிச் சொல்பவள் கட்டுவிச்சி. கட்டில் என்பது படுக்கைக்கு மட்டுமல்ல, அரியணைக்கும் பெயர். மோசிகீரனார் என்ற புலவர் களைப்பில் சேரனின் முரசு கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டார். வெட்டியிருக்க வேண்டிய மன்னன் விசிறி எடுத்து வீசினான் என்கிறது புறநானூறு. இன்று பள்ளிப் பிள்ளைகளை வாட்டும் கட்டுரையும் பழைய சொல்தான். சிலப்பதிகாரத்தில் மதுரைத் தெய்வம் கண்ணகியிடம் பேசும் பகுதிக்குக் கட்டுரை காதை என்றே பெயர். உரையைக் கட்டினால் கட்டுரை, இல்லாததை இட்டுக்கட்டினால் கட்டுக்கதை. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பது பத்திரிகை உலகின் பழைய தகராறு.

இந்தச் சொல் கப்பலேறியும் போயிருக்கிறது. உலகெங்கும் கடற்கரை உல்லாச விடுதிகளில் மிதக்கும் 'கேட்டமரான்' படகின் பெயர் சோழமண்டலக் கரை மீனவரின் கட்டுமரத்திலிருந்து வந்தது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-ல் வெளியிட்ட தம் பயண நூலில் இக்கரையின் கட்டுமரங்களை அதே பெயரால் குறிப்பிட்டார். பெயர் நம்முடையது, உருவம் அல்ல. இன்றைய கேட்டமரான் இரண்டு ஓடங்களைச் சட்டத்தால் இணைத்தது. பாலினேசியத் தீவுக்காரர்களின் படகுக்கு உறவு. நெதானியல் ஹெரஷாஃப் 1876-ல் அமெரிக்காவில் கட்டிய அத்தகைய படகு பந்தயத்தில் மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளியதும், அந்த வகையையே போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள். நம் கட்டுமரமோ சில மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது, அவ்வளவே. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், காய்ந்தால்தான் மிதக்கும். அவிழ்க்க முடிவதுதான் அதன் சூட்சுமம். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் பல கரைகளில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

ஆங்கிலத்தின் 'காட்' இந்தியின் 'காட்'டிலிருந்து போனது. அது சமஸ்கிருத 'கட்வா'விலிருந்து வந்தது. கயிறு கட்டிய படுக்கை என்ற பொருளில் அந்தச் சமஸ்கிருதச் சொல்லே திராவிடக் கட்டிலிலிருந்து பிறந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஆனால் ஓசை ஒத்தால் உறவு என்று கொள்வது ஆபத்து. கல்லூரி மாணவன் வகுப்பை 'கட்' அடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தமிழே உலக மொழிகளின் தாய் என்று நிரூபிக்கக் கிளம்பும் ஆர்வலர்கள் தடுக்கி விழும் இடம் இது.

பெங்களூரின் சுவர்களில் இன்னொரு கட்டு கண்ணில் படும்: புத்தூர் கட்டு. கை கால் முறிந்தவர்களுக்கு மூங்கில் பத்தை வைத்து, மருந்துப் பற்றுப் போட்டுக் கட்டும் இந்த வைத்தியம் ஆந்திராவில், முன்பு சித்தூர் மாவட்டத்திலும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் உள்ள புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தது. அதன் பெயர்ப் பலகையைத் தெலுங்கர், தமிழர், கன்னடர் என யார் படித்தாலும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. எக்ஸ்ரே இல்லாமல் எலும்பைச் சேர்ப்பதில் உள்ள அபாயத்தை எலும்பு மருத்துவர்கள் சுட்டிக்காட்டத்தான் செய்கிறார்கள். ஆஸ்பத்திரியில் போடுவதையும் மக்கள் மாவுக்கட்டு என்றுதான் சொல்கிறார்கள்.

கட்டு கசக்கும் இடமும் உண்டு. தமிழில் ஆண் கட்டுகிறான். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறார்கள். கணவனை இழந்தோ பிரிந்தோ மறுமணம் செய்யும் வழக்கமுள்ள சமூகங்களை 'அறுத்துக் கட்டுகிறவர்கள்' என்று மற்றவர் இளக்காரமாகச் சொன்னார்கள். பெண்ணுக்கு இரண்டாம் வாழ்க்கை தந்த வழக்கம், தராதவர் வாயில் வசையாயிற்று. சுயமரியாதை இயக்கம் கைவைத்தது இந்த முடிச்சில்தான். அண்ணாதுரை ஆட்சி 1967-ல் கொண்டுவந்த இந்து திருமணச் சட்டத் திருத்தம், மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ, இவற்றில் ஏதோ ஒன்று போதும் என்றது. புரோகிதரும் தேவையில்லை. சட்டத்தின் கண்ணில் கட்டு விருப்பத்துக்கு விடப்பட்டது. வீட்டின் கண்ணில் அப்படியா என்பது வேறு கதை.

இவ்வளவு பொதுவான சொல்லில் இரு மொழியும் பிரியும் இடங்கள்தான் இன்னும் சுவையானவை. தமிழர் பேச்சில் சேலையும் வேட்டியும் கட்டப்படுகின்றன. கன்னடத்தில் அவை 'உடு'க்கப்படுகின்றன. நாம் இலக்கியத்துக்கு ஒதுக்கிவிட்ட உடுத்தலை அவர்கள் தினசரிப் பேச்சில் வைத்திருக்கிறார்கள். தமிழில் குளத்தை வெட்டினார்கள் என்பதே பெருவழக்கு. கன்னடத்திலோ ஏரியைக் கட்டினார்கள். மேடும் பள்ளமுமான மைசூர்ப் பீடபூமியில் தோண்டுவதைவிட, பள்ளத்தின் குறுக்கே கரை போட்டு மழைநீரைத் தடுப்பதுதான் ஏரிக்கு வழி. பெங்களூரின் பழைய ஏரிகள் அப்படிக் கட்டியவைதான். அந்தக் கரைக்குக் 'கட்டெ' என்று பெயர். அரச மரத்தைச் சுற்றிய மேடையும் கட்டெ. ஊர்க்கதை பேசும் திண்ணையும் கட்டெ. மைசூருக்கு அருகே 1911-ல் வேலை தொடங்கி இருபது ஆண்டுகள் கட்டிய கிருஷ்ணராஜ சாகர் அணையைச் சுற்றுவட்டார மக்கள் சொல்வது கன்னம்பாடி கட்டெ என்று. அந்த நீருக்குள் மூழ்கிய ஊரின் பெயர் கன்னம்பாடி.

இனி வருவது அணைக்கட்டு. கன்னடத்தில் அணெகட்டு. கன்னட நாளிதழும் தமிழ் நாளிதழும் ஒரு நூற்றாண்டாக ஒன்றையொன்று குற்றம் சாட்டும் தலைப்புகளில் இந்தச் சொல்லை ஏறக்குறைய ஒரே உச்சரிப்பில் அச்சிட்டு வந்திருக்கின்றன. ஆங்கிலேயப் பொறியாளர்களும் வேறு பெயர் தேடவில்லை. கல்லணையை 'கிராண்ட் அனிகட்' என்றார்கள். ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தின் தலைப்பில் கட்டியது 'அப்பர் அனிகட்'. தமிழில் அணை என்றால் தழுவு என்றும் பொருள். கட்டு என்பதும் கட்டிக்கொள்வதுதான். தழுவலைக் குறிக்கும் இரண்டு சொற்களைச் சேர்த்துச் செய்த பெயரின் பொருட்டு இத்தனை பகை.

காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25 அன்று, தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. டிசம்பரில் அது மத்திய அரசின் கெசட்டில் வெளியானதும் பெங்களூரிலும் காவிரிப் படுகை மாவட்டங்களிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின. ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு எல்லை தாண்டினார்கள். ஊரை விட்டுப் போவதற்குக் கன்னடத்திலும் அதே மரபுத்தொடர்தான்: 'கண்டு மூட்டெ கட்டு'. 2016 செப்டம்பர் 12 அன்று மறுபடி நகரம் பற்றி எரிந்தது. அப்போது கொளுத்தப்பட்டவை தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும்.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து அதிக தூரமில்லாத அல்சூர் ஏரிக்கரையில், அதே 1991-ல் நிறுவிய திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமலேயே நின்றது. எதிர்ப்புக்கு அஞ்சி மூடிக் கட்டி வைத்தார்கள். அந்தக் கட்டு அவிழப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2009 ஆகஸ்ட் 9 அன்று, எடியூரப்பா முதலமைச்சராக இருந்தபோது, கருணாநிதி வந்து சிலையைத் திறந்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. குறளும் சர்வக்ஞரின் மூவடிகளும் அளவில் சிறியவை, காரத்தில் குறையாதவை. பண்டமாற்றில் எந்தப் பக்கமும் நஷ்டப்படவில்லை.

வழக்கு 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 2007-ல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 419 டி.எம்.சி. 404.25 ஆகக் குறைந்தது. குறைத்ததில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. இதில் யாரும் மேடையில் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. அந்த 4.75-ல் பெங்களூர்த் தமிழர் குடிப்பதும் அடக்கம். காவிரி நீர் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, மேட்டில் ஏற்றி ஏற்றி, 1974 முதல் இந்த நகரத்துக்கு வருகிறது. அதன் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. ஐந்தாம் 'கட்டம்' என்பதிலும் அதே ஓசை.

மாதம் பிறந்தால் அந்தத் தண்ணீருக்கு ரசீது வருகிறது. ஒரு வீட்டில் 'தண்ணி பில் கட்டியாச்சா?' என்ற குரல். அடுத்த வீட்டில் 'நீரின பில் கட்டித்ரா?' இரண்டு வீட்டிலும் பெரும்பாலும் இன்னும் கட்டியிருக்க மாட்டார்கள்.